கிரானுக்குப் பேட்ச் போட்ட பிறகும் ஓட்டை அடைபடாமல் போவது எங்கே?

லினக்ஸ் சர்வர்களில் குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாகத் தொடங்கும் சேவையான கிரான், ரூட் அதிகாரத்தில், அதாவது முழு நிர்வாகி அதிகாரத்தில் ஓடுகிறது. ஒரு பயனரின் வேலையைத் தொடங்கும்போதுதான் அவருடைய அதிகாரத்துக்கு இறங்குகிறது. அந்த இடத்தில் பிசகினால் சர்வரே கைமாறிவிடும். விக்ஸி கிரான் என்ற வகையின் 4.1 பதிப்பில் வெளிப்பட்ட சிவிஇ-2006-2607 அப்படிப்பட்டதுதான் (சிவிஇ என்பது பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரப்படும் பொது அடையாள எண்). பயனரின் அதிகாரத்துக்கு இறங்கப் பயன்படும் செட்யூஐடி அழைப்பு பலித்ததா என்று நிரல் பார்க்கவே இல்லை. பயனர் ஒரே நேரத்தில் தான் ஓட்டக்கூடிய பிராசஸ்களின் வரம்பை நிரப்பி வைத்து அந்த அழைப்பைத் தோற்கடித்தால், அவர் வேலை ரூட்டாகவே ஓடும்.

இத்தகைய ஓட்டைக்குப் பேட்ச், அதாவது திருத்திய நிரல், வந்ததும் பேக்கேஜைப் புதுப்பித்துவிட்டு நிம்மதியாக இருப்பதுதான் பெரிய தவறு. டிஸ்க்கில் புதிய நிரல் வந்திருக்கும். நினைவகத்தில் பழையதே ஓடிக்கொண்டிருக்கலாம். ஓடும் நிரல்களின் விவரத்தைக் காட்டும் பிராக் அடைவில் கிரானின் பிராசஸ் எண்ணுக்குள் உள்ள ‘எக்ஸி’ இணைப்பை ரூட்டாகப் பாருங்கள். பாதையின் கடைசியில் ‘டெலிட்டட்’ என்று இருந்தால் ஓடுவது பழைய நிரல்தான்; சேவையை உடனே ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். நிறுத்தி வைத்துவிட்டு நிதானமாகத் தொடங்காதீர்கள்: இடைப்பட்ட நிமிடங்களுக்கு உரிய வேலைகளைக் கிரான் பிறகு தேடிப்பிடித்து ஓட்டாது. தனக்கான கோப்புகளோடு தனித்து ஓடும் கன்டெய்னருக்குள் கிரான் இருந்தால், அதைத் தாங்கும் ஹோஸ்ட் சர்வரில் போட்ட பேட்ச் அங்கே எட்டாது. கன்டெய்னர் உருவாகும் மூலமான இமேஜையே மறுபடி கட்ட வேண்டும்.

பதிப்பு எண்ணின் முன்பாதியை மட்டும் பார்த்து முடிவு செய்வதும் ஏமாற்றும். டெபியன் என்ற லினக்ஸ் வகையில் கிரானின் 3.0பிஎல்1 என்ற எண் ஆண்டுக்கணக்கில் மாறாமல் இருந்தது. சிவிஇ-2019-9704க்கான திருத்தம் 3.0பிஎல்1-133இல் வந்தது. கோட்டுக்குப் பின்னால் உள்ள எண்ணையும், பேக்கேஜின் மாற்றக் குறிப்பான சேஞ்ச்லாகில் சிவிஇ எண்ணையும் சரிபாருங்கள்.

அடுத்தது பலர் கவனிக்காதது. “எதற்கும் இருக்கட்டும்” என்று, பயனர்கள் தங்கள் வேலைகளைப் பதியும் கிரான்டேப் நிரலின் பழைய பதிப்பை, அனுமதிகள் மாறாமல் நகலெடுத்து வைப்பார்கள். ரெட்ஹேட் லினக்ஸ் வகைகளில் அதன் அனுமதி செட்யூஐடி ரூட் (எண்ணில் 4755), அதாவது யார் ஓட்டினாலும் அது ரூட் அதிகாரத்தில் ஓடும். அந்த நகல் அதே அனுமதியோடு கிடக்கும்வரை, நிரலில் இருந்த ஓட்டையும் எல்லோருக்கும் திறந்தே இருக்கும். நகல் வேண்டாம், பழைய பேக்கேஜ் கோப்பு போதும். சிஸ்டத்தின் வேலைப்பட்டியல்கள் இருக்கும் கிரான்.டி அடைவுக்குள்ளும் பேக்அப் வைக்காதீர்கள். ‘.பேக்’ என்று முடியும் கோப்பை டெபியன் ஒதுக்கிவிடும். ரெட்ஹேட்டின் கிரான் வகையான கிரானி அதையும் வேலைப்பட்டியலாக எடுத்து ஓட்டும்.

பேட்ச் வரும்வரை தற்காப்பாக, கிரான்டேப்பை யார் பயன்படுத்தலாம் என்று பட்டியலிடும் கிரான்.அலவ் கோப்பைப் பயன்படுத்தலாம். ஆனால் அது கிரான்டேப் கட்டளையை மட்டுமே தடுக்கும். ஏற்கெனவே பதிந்த வேலைகள் வழக்கம்போல ஓடும். ஆகவே ஒவ்வொரு பயனரின் கிரான்டேப் பட்டியலையும் திறந்து படியுங்கள். ஒருமுறை மட்டும் ஓடும் வேலைகளுக்கான ‘அட்’ வரிசையும், கிரானைப் போலவே நேரம் பார்த்து வேலை தொடங்கும் சிஸ்டம்டி டைமர்களும், குறிப்பாகப் பயனர் டைமர்களும், அதே சோதனையில் சேரட்டும். ஓட்டை திறந்திருந்த நாட்களில் யாராவது விதைத்துவிட்டுப் போன வேலையைப் பேட்ச் அகற்றாது.