தினம் நூறு ரூபாய்தானே? – சொல்லும் விதத்தில் ஏமாறாமல் இருக்க

“மாசம் நூத்துக்குப் பத்து வட்டி” என்றால் வண்ணாரப்பேட்டையில் பலரும் அந்தக் கடன் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். “கையில எட்டாயிரத்து ஐந்நூறு, தினம் நூறு கட்டுங்க, நூறு நாள்ல முடிஞ்சிடும்” என்று சொல்லிப் பாருங்கள். இட்லிக் கடை அக்கா முதல் தள்ளுவண்டி அண்ணன் வரை யோசிக்காமல் வாங்குவார்கள். தினமும் வந்து வசூலிக்கும் கடனான தண்டல் பெரும்பாலும் இப்படித்தான் ஓடுகிறது. பேச்சுக்குப் பத்தாயிரம், 1,500 முன்பிடித்தம். நாளுக்கு நாள் அசல் குறைவதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஆண்டுக்குச் சுமார் 120 சதவீத வட்டி. அதாவது, வேண்டாம் என்று ஓடிய அதே பத்து வட்டி.

தண்டல் வாங்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. விடியற்காலையில் காசிமேட்டில் மீன் எடுக்கக் கையில் முதல் வேண்டும். ஆவணம் கேட்காமல் வேறு யார் தருவார்கள்? தவணையை மட்டும் பார்த்துக் கடனை எடைபோடுவதுதான் தவறு. கைக்கு வருவது எவ்வளவு, மொத்தம் கட்டுவது எவ்வளவு, எத்தனை நாளில்: இந்த மூன்றையும் கேட்ட பிறகே தலையாட்டுங்கள்.

சட்டை இன் பண்ணியவர்கள் தரும் கடனும் இதே ரகம்தான். 12 சதவீத ‘ஃபிளாட்’ வட்டியில் 60,000 ரூபாய் வாங்கினால் ஓராண்டுக்கு மாதம் 5,600. அசலில் பெரும்பகுதி அடைந்த பிறகும் முழு 60,000 ரூபாய்க்கே வட்டி ஓடும். குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் அது 21 சதவீதத்தைத் தாண்டும். குறையும் அசலில் 16 சதவீதம் கேட்கும் வங்கிதான் இங்கே மலிவு. ஆனால் கண்ணுக்கு 12தானே சின்ன எண்!

அடுத்தது, முதலில் காதில் விழுந்த விலையை அளவுகோலாக்குவது. எம்.சி. ரோட்டில் 4,000 ரூபாய்ப் புடவையை விரித்துக் காட்டிவிட்டு 1,800 ரூபாய்ப் புடவையை எடுத்தால், இரண்டாவது கொள்ளை மலிவாகத் தெரியும். 1974இல் டிவெர்ஸ்கி, கானமன் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில் ஒரு சக்கரத்தைச் சுழற்றினார்கள். அது 10இலோ 65இலோதான் நிற்கும். பிறகு, ஐ.நா.வில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். 10ஐப் பார்த்தவர்களின் இடைநிலை விடை 25, 65ஐப் பார்த்தவர்களுடையது 45. சம்பந்தமே இல்லாத சக்கரத்துக்கே இந்தப் பலம் என்றால், விற்பனையாளர் வாயிலிருந்து வரும் விலைக்குக் கேட்கவா வேண்டும்? எவ்வளவுக்குள் வாங்குவது என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

போன் கடையில் மூன்று மாடல்களை வரிசையாக வைத்திருந்தால் நடுவில் இருப்பது எதற்கு என்று பாருங்கள். சில சமயம் அது விற்பதற்கே வைத்ததல்ல. பக்கத்தில் இருக்கும் விலை கூடியதை நல்லதாகக் காட்டுவதற்காக.

ஆஸ்பத்திரியில் சொல்லும் விதம் விளையாட்டல்ல. “நூத்துல தொண்ணூறு பேர் பிழைச்சுடறாங்க” என்பதும் “பத்துப் பேர் தவறிடறாங்க” என்பதும் ஒரே கணக்கு. நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையா, கதிர்வீச்சா என்று கேட்ட ஓர் ஆய்வு 1982இல் வெளியானது. பிழைப்போர் கணக்கைச் சொன்னபோது அறுவை சிகிச்சையைத் தேர்ந்தவர்கள், இறப்போர் கணக்கைச் சொன்னபோது தேர்ந்தவர்களைவிட அதிகம். மருத்துவர்களும் இதற்கு விலக்கல்ல. நம் வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. டாக்டர் இரண்டு பக்கமும் சொல்லியிருப்பார். கேட்டுவிட்டு வந்து சொல்லும் மாமா, தன் மனசுக்குப் பிடித்த பாதியைத்தான் சொல்வார். கையெழுத்துப் போடுபவரே நேரில் போய்க் கேட்பது நல்லது.

கடைசியாக, நாம் தொடாமலே டிக் விழுந்திருக்கும் பெட்டிகள். கேட்காமலே கூடையில் பொருளையோ காப்பீட்டையோ நன்கொடையையோ சேர்ப்பது 2023 நவம்பரில் ஒன்றிய அரசு தடை செய்த 13 ஆன்லைன் தந்திரங்களில் ஒன்று. இருந்தாலும் பணம் கட்டுவதற்கு முன் பில்லை ஒருமுறை மேலிருந்து கீழே படித்துவிடுங்கள். ‘முதல் மாதம் இலவசம்’ என்று சேர்ந்தவற்றுக்கு, யூபிஐ செயலியில் ‘ஆட்டோபே’ என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். மாதாமாதம் பணம் பிடிக்க எதற்கெல்லாம் அனுமதி கொடுத்திருக்கிறோம் என்று அங்கே தெரியும். வேண்டாததை அங்கேயே ரத்து செய்யலாம்.