சனத்தொகைக் கணக்கெடுப்பில் பூர்வீகமும் மொழியும்: கனடாத் தமிழர் தவிர்க்க வேண்டிய பிழைகள்

கனடாவில் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒன்றிலும் ஆறிலும் முடியும் ஆண்டுகளில், மே மாதத்தில் சனத்தொகைக் கணக்கெடுப்பு வரும். பெயர், வயது, உறவுமுறை எல்லாவற்றையும் நம்மவர்கள் சரியாகவே நிரப்பிவிடுகிறார்கள். சறுக்குவது பிறந்த நாடு, குடியுரிமை, மொழி, பூர்வீகம் பற்றிய கேள்விகளில்தான். இவை ஒவ்வொன்றும் வேறு வேறு விடயத்தைக் கேட்கின்றன. நாம் ஒன்றுக்குரிய பதிலை இன்னொன்றின் பெட்டிக்குள் எழுதிவிடுகிறோம். 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தாய்மொழி தமிழ் என்று பதிந்தவர்களின் தொகை, பூர்வீகம் தமிழ் என்று பதிந்தவர்களின் தொகையைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். தமிழ் பேசும் வீட்டில் பிறந்து வளர்ந்த பல்லாயிரம் பேர், பூர்வீகக் கேள்வியில் நாட்டின் பெயரோடு நின்றுவிட்டார்கள்.

படிவம் இரண்டு வகை. குறும்படிவம் எல்லோருக்கும் பொது. நீள்படிவம் ஏறத்தாழ நான்கு வீடுகளில் ஒன்றுக்கு வரும். தாய்மொழியும் வீட்டுமொழியும் இரண்டிலும் கேட்கப்படும். பூர்வீகம் நீள்படிவத்தில் மட்டும்தான் உண்டு. ஆகவே உங்களுக்கு நீள்படிவம் வந்தால், நீங்கள் எழுதும் பூர்வீகம் ஏறக்குறைய நான்கு வீடுகளுக்கான பதிலாகக் கணக்கில் ஏறும். நேரமில்லை என்று அந்தக் கேள்வியை வெறுமையாக விட்டால், உங்கள் வீட்டை ஒத்த வேறொரு வீட்டின் பதிலைக் கொண்டு அந்த இடம் நிரப்பப்படும். அந்த வீடு தமிழ் வீடாக இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

கீழே சொல்வதெல்லாம் 2021ஆம் ஆண்டுப் படிவத்தின் கேள்விகளை வைத்துத்தான்.

நாட்டின் பெயரைப் பூர்வீகமாக எழுதுவது

பூர்வீகக் கேள்வி உங்கள் மூதாதையரின் இன, பண்பாட்டு வேர்களைக் கேட்கிறது. மூதாதையர் என்று இங்கே கருதப்படுபவர்கள் பெரும்பாலும் பாட்டன் பாட்டிக்கும் முந்தியவர்கள். நீங்கள் எங்கே பிறந்தீர்கள் என்பதற்குத் தனிக் கேள்வி இருக்கிறது. தாய் தகப்பன் எங்கே பிறந்தார்கள் என்பதற்கும், எந்த நாட்டுக் குடியுரிமை என்பதற்கும் தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. இலங்கை, இந்தியா, மலேசியா என்ற தகவல் அங்கேயே பதிவாகிவிடும். அதையே பூர்வீகத்திலும் திருப்பி எழுதினால் புதிதாக எதுவும் சேர்வதில்லை. ‘சிறீலங்கன்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள், பறங்கியர் எல்லோரும் ஒன்றாகிவிடுகிறார்கள். ‘இந்தியன்’ என்று எழுதினாலும் இதே கதைதான்.

பொருந்தும் பூர்வீகம் எத்தனை இருந்தாலும் எழுதலாம். ‘தமிழ்’ என்று ஒரு பதிலாக எழுதுங்கள். நாட்டையும் சொல்ல விரும்பினால் அதைத் தனிப் பதிலாகச் சேருங்கள். மலேசியா, சிங்கப்பூர், மொரிசியசு, தென்னாபிரிக்கா வழியாக வந்த குடும்பங்களுக்கு இது இன்னும் முக்கியம். பிறந்த நாட்டை வைத்து அவர்களைத் தமிழர் என்று யாரும் ஊகிக்க முடியாது. ‘ஆசியன்’, ‘திராவிடர்’ போன்ற அகன்ற சொற்களையும் தவிர்க்க வேண்டும். அவை உங்களைத் தமிழர் எண்ணிக்கைக்குள் கொண்டுவராது.

இந்தக் கேள்வி எவ்வளவு இளகியது என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2016ஆம் ஆண்டுப் படிவத்திலேயே 28 எடுத்துக்காட்டுகள் அச்சாகியிருந்தன. முதலாவதாக இருந்தது ‘கனேடியன்’. அந்த முறை 32.3 விழுக்காட்டினர் கனேடியன் என்று எழுதினார்கள். 2021இல் அந்தப் பட்டியலை எடுத்துவிட்டு, நூற்றுக்கணக்கான எடுத்துக்காட்டுகள் கொண்ட இணையப் பக்கத்துக்கு இணைப்பு மட்டும் கொடுத்தார்கள். கனேடியன் என்று எழுதியவர்கள் 15.6 விழுக்காட்டுக்கு இறங்கினார்கள். ஐந்தே ஆண்டில் மக்களின் மூதாதையர் மாறிவிடவில்லை, கண்ணுக்கு முன்னால் இருந்த பட்டியல்தான் மாறியது. ஆகவே எடுத்துக்காட்டில் இருப்பதைப் பார்த்து எழுதாமல், வீட்டில் பேசி முடிவெடுத்த பிறகு படிவத்தைத் திறப்பது நல்லது.

கனேடியன் என்று எழுதுவது தவறா? இல்லை, அது ஏற்றுக்கொள்ளப்படும் பதில். இங்கே பிறந்த பிள்ளை தன்னை அப்படி உணர்ந்தால் தாராளமாக எழுதலாம். ஆனால் கடவுச்சீட்டு கையில் இருக்கிறது என்பதற்காக மட்டும் அதை எழுத வேண்டியதில்லை. குடியுரிமைக் கேள்வி அதற்காகத்தான் இருக்கிறது. எழுதுவதானால் ‘தமிழ்’ என்பதோடு சேர்த்து எழுதுங்கள்.

கலப்புத் திருமணங்களில் அப்பாவின் வழியை மட்டும் எழுதும் பழக்கமும் பரவலாக இருக்கிறது. தாய் தமிழர், தகப்பன் யமேக்கர் என்றால் பிள்ளைக்கு இரண்டும் பூர்வீகம்தான். பாதி, கால் என்று யாரும் கேட்பதில்லை.

மரபணுச் சோதனை முடிவைப் பார்த்து எழுதுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த விழுக்காடுகள், நிறுவனம் வைத்திருக்கும் ஒப்பீட்டு மாதிரிகளோடு உங்களுடையதைப் பொருத்திப் பார்த்த மதிப்பீடு. மாதிரிகளைப் புதுப்பித்தால் விழுக்காடும் மாறும். உங்கள் முன்னோர் எந்த மொழி பேசினார்கள் என்பதை அது சொல்லாது.

தாய்மொழிக் கேள்வி

மிக அதிகமாகப் பிழை விடும் இடம் இதுதான். சிறுவயதில் வீட்டில் முதலில் கற்ற, இன்றைக்கும் விளங்குகிற மொழி எது என்பதே கேள்வி. நிபந்தனை இரண்டுதான்: முதலில் கற்றிருக்க வேண்டும், இன்னும் விளங்க வேண்டும். எழுதத் தெரிய வேண்டும் என்றோ, சரளமாகப் பேச வேண்டும் என்றோ எந்தக் கட்டாயமும் இல்லை. ஸ்காபரோவில் பிறந்த இருபது வயதுப் பிள்ளைக்கு ‘அ’ எழுத வராமல் இருக்கலாம். ஆனால் அப்பம்மா தொலைபேசியில் சொல்வது முழுக்க விளங்குகிறது, நான்கு வயதில் பள்ளிக்கூடம் போகும்வரை வீட்டில் கேட்டது தமிழ் மட்டும்தான் என்றால், அந்தப் பிள்ளையின் தாய்மொழி தமிழ். ‘எனக்குத் தமிழ் சரியாக வராது’ என்ற கூச்சத்தில் ஆங்கிலம் என்று எழுதுவது பிழையான பதில்.

முதலில் தமிழ், பிறகு ஆங்கிலம் என்று கற்றவர் ‘தமிழ், ஆங்கிலம்’ என்று இரண்டையும் எழுதுவதும் பிழை. தொடக்கத்திலிருந்தே இரண்டையும் ஒன்றாகக் கற்றவர்களுக்குத்தான் இரண்டு. இன்னும் பேசத் தொடங்காத குழந்தைக்கு, வீட்டில் அதனோடு அதிகமாகப் பேசும் மொழியை எழுத வேண்டும். முதலில் கற்ற தமிழ் இப்போது அறவே விளங்காது என்ற நிலையில் இருப்பவர் அடுத்ததாகக் கற்ற மொழியைத்தான் எழுத வேண்டும். மனம் கனக்கும், ஆனாலும் கேள்வியின் வரையறை அதுதான்.

வீட்டுமொழியைக் கூட்டியோ குறைத்தோ சொல்வது

வீட்டுமொழிக்கு இரண்டு பகுதிகள். முதலாவது, வீட்டில் வழமையாகப் பேசும் மொழிகள் எவை. இரண்டாவது, அவற்றில் மிக அதிகமாகப் பேசுவது எது. ‘சாப்பிட வா’ என்று அப்பம்மா கூப்பிட, ‘கமிங்’ என்று பதில் வருகிற வீடுகள் நம்மிடம் ஏராளம். அந்தப் பிள்ளை அப்பம்மாவோடு நாளாந்தம் இரண்டு வசனமாவது தமிழில் பேசினால் முதற்பகுதியில் தமிழும் வர வேண்டும். இரண்டாம் பகுதியில் உள்ளபடி ஆங்கிலம் என்று எழுதலாம். பலர் முதற்பகுதியிலேயே ஆங்கிலத்தை மட்டும் எழுதி முடித்துவிடுகிறார்கள்.

மறுபக்கம், மொழிப்பற்றில் வீட்டிலுள்ள எல்லோருக்கும் ‘மிக அதிகமாகப் பேசுவது தமிழ்’ என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். நோக்கம் நல்லது, விளைவு கெட்டது. தாய்மொழி தமிழ் என்றவர்களில் எத்தனை பேர் வீட்டில் அதைப் பேசுகிறார்கள் என்று ஒப்பிட்டுத்தான் ஒரு மொழி அடுத்த தலைமுறைக்குப் போகிறதா, தேய்கிறதா என்று அறிகிறார்கள். தேய்வை மறைத்தால், தமிழ் வகுப்பு வேண்டும் என்று கேட்கப் போகும்போது கையில் சான்று இருக்காது. தனியாக வாழ்பவர், தனக்கு மிக இயல்பான மொழியை எழுத வேண்டும்.

ஒருவர் உட்கார்ந்து வீட்டில் உள்ள அனைவருக்கும் ஒரே பதிலை நிரப்புவதால் வரும் பிழைகள்தான் இவற்றில் பாதி. கேள்வி ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனி. வளர்ந்த பிள்ளைகளிடம் கேட்டு எழுதுங்கள்.

ஆங்கிலம் தெரியாத மூத்தவர்கள்

ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ உரையாட முடியுமா என்ற கேள்விக்கு ‘இரண்டும் இல்லை’ என்றொரு பதில் உண்டு. அம்மம்மாவுக்கு ‘தாங்க்யூ’, ‘பஸ்’, ‘டொக்டர்’ தெரியும் என்பதற்காக ‘ஆங்கிலம்’ என்று குறிப்பது அவருக்கே தீங்கு. மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளர், தமிழில் அச்சிட்ட அறிவித்தல், முதியோருக்கான ஆங்கில வகுப்பு இவற்றின் தேவையை ‘இரண்டும் இல்லை’ என்ற எண்ணிக்கை வழியாகத்தான் காட்ட முடிகிறது. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

நீள்படிவத்தில் ஆங்கிலம், பிரெஞ்சு தவிர உரையாடக்கூடிய மொழிகள் எவை என்றும் கேட்கப்படும். தாய்மொழியில் தமிழ் என்று எழுதியாயிற்று என்று இங்கே விட்டுவிடக் கூடாது. சிங்களம், மலையாளம், செருமன், நோர்வீசியம் எதுவாயினும், ஓரளவு நீண்ட உரையாடல் நடத்த முடிந்தால் சேருங்கள்.

‘இந்தியன்’ என்ற சொல்லில் ஏமாறுவது

முதற்குடிகள், மெற்றி, இனுவிட் என்ற பழங்குடி மக்களைப் பற்றிய கேள்விகளில் ‘வட அமெரிக்க இந்தியன்’, ‘ஸ்ரேற்றஸ் இந்தியன்’ என்ற சொற்கள் வருகின்றன. இவை இந்தியாவைக் குறிப்பவை அல்ல. கனடாவின் இந்தியர் சட்டத்தின் மொழியில் இந்த மண்ணின் முதற்குடிகளைக் குறிப்பவை. இந்தியாவிலிருந்து வந்தவர் அவசரத்தில் ‘ஆம்’ என்று குறித்துவிட்டால், அந்த மக்களின் கணக்கு குழம்பும். நம் பதில் ‘இல்லை’.

அதன் பின் வரும் மக்கள் குழுக் கேள்வியில் ‘தெற்காசியர்’ என்பதுதான் தமிழருக்குரியது. ‘தென்கிழக்காசியர்’ என்பது வியற்நாம், கம்போடியா, லாவோஸ், தாய்லாந்து வழிவந்தவர்களுக்கு. மலேசியாவில் பிறந்த தமிழர்கள் சிலர் இதில் தடுமாறுகிறார்கள். இந்தக் கேள்வி வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின் தேவைக்காகக் கேட்கப்படுவது. ‘வேறு’ என்ற வரியில் தமிழ் என்று எழுத வேண்டிய அவசியம் இல்லை, தமிழுக்கான இடம் பூர்வீகக் கேள்வி.

எழுத்துக்கூட்டல்

கையால் எழுதும் படிவத்தில் பெரிய எழுத்தில், ஒரு பெட்டிக்கு ஒரு எழுத்தாக எழுத வேண்டும். ‘ழ’கரத்தைக் காட்டுவதற்காகப் புதிய எழுத்துக்கூட்டல் வேண்டாம். ஆங்கிலத்தில் வழக்கமான ஐந்தெழுத்து: டி, ஏ, எம், ஐ, எல். மொன்றியலில் பிரெஞ்சுப் படிவம் நிரப்புபவர்கள் ‘தமூல்’ என்ற பிரெஞ்சுச் சொல்லை எழுதலாம்.

ஆட்களை விட்டுவிடுவது

நிலக்கீழ் வீட்டில் தனி வாசலோடு குடியிருப்பவர்கள் தனி வீடாகக் கணக்கிடப்பட வேண்டியவர்கள். அவர்களுக்குப் படிவம் வரவில்லை என்றால் கேட்டு வாங்க வேண்டும். அகதிக் கோரிக்கை வைத்தவர்கள், படிப்பு அனுமதியிலோ வேலை அனுமதியிலோ இங்கே வசிப்பவர்கள், அவர்களோடு இருக்கும் குடும்பத்தினர் எல்லோரும் சேர்க்கப்பட வேண்டும். சுற்றுலாவாக வந்து நிற்பவர்கள் சேரமாட்டார்கள்.

விண்ணப்பம் முடிவாகாத நிலையில் இருப்பவர்கள் பயந்து ஒதுங்குவது விளங்கிக்கொள்ளக் கூடியதுதான். ஆனால் தனிமனிதரின் பதிலைக் குடிவரவுத் துறைக்கோ, வரித்துறைக்கோ, காவல்துறைக்கோ கொடுக்கப் புள்ளிவிவரச் சட்டம் இடம் தருவதில்லை. வருமான விவரம் வரித்துறையிலிருந்து கணக்கெடுப்புக்கு வரும், திரும்பிப் போகாது. பதில் தர மறுத்தால் 500 டொலர் வரை தண்டம் விதிக்கலாம். சிறைத்தண்டனை 2017இல் நீக்கப்பட்டுவிட்டது.

பெயரை எழுதும்போது முன்னெழுத்தோடு நிறுத்தாதீர்கள். பெயர் தாங்கிய பதிவுகள் 92 ஆண்டுகளுக்குப் பின் நூலக ஆவணக் காப்பகத்தின் வழியாக வெளிவரும். 1931ஆம் ஆண்டுப் பதிவு 2023இல் வெளிவந்தது. 2021இல் நிரப்பியது 2113இல் வெளிவர வேண்டும். தகப்பன் பெயர் குடும்பப் பெயராகவும், சொந்தப் பெயர் முதற்பெயராகவும் மாறி மாறிக் கிடக்கும் நம் வீடுகளில், கடவுச்சீட்டில் உள்ள ஒழுங்கிலேயே முழுப்பெயரையும் எல்லோருக்கும் ஒரே மாதிரி எழுதினால்தான் அன்று தேடுகிற பேரப்பிள்ளைக்கு ஒரே வீட்டில் இருந்தவர்கள் ஒரே குடும்பம் என்று பிடிபடும்.