வந்த நாளும் போன நாளும்: இளவேனில் காட்சிகளைப் பதிவு செய்யும் முறை

இளவேனிலில் வந்து சேரும் பறவையை எல்லோரும் கவனிக்கிறார்கள். கிளம்பிப் போகும் பறவையைக் கவனிப்பவர்கள் மிகக் குறைவு. முதல் வருகை கண்ட அன்றே தெரிந்துவிடும். ஆனால் குளிர்காலம் முழுவதும் ஓடைக்கரையில் வாலை ஆட்டித் திரிந்த சாம்பல் வாலாட்டியை ஒருநாள் பார்க்கும்போது, இந்தப் பருவத்தில் அதைக் காண்பது அதுவே கடைசி முறை என்று நமக்குத் தெரியாது. பத்து நாள் கழித்து அது இல்லை என்று உணரும்போது, கடைசியாக எப்போது பார்த்தோம் என்பது நினைவில் இராது. ஆகவே, புதியதைக் கண்டால் மட்டும் எழுதுவது என்ற பழக்கத்தை விட்டு, குறித்த நாள்களில் ஒரே இடத்துக்குச் சென்று, கண்ட அனைத்தையும் எழுத வேண்டும்.

இடம் பெரிதாக இருக்கத் தேவையில்லை. சில மரங்கள், கொஞ்சம் புதர், முடிந்தால் சிறிது நீர் என்று அமைந்த, அரைமணி நேரத்தில் சுற்றி வரக்கூடிய இடம் போதும். விடிந்ததிலிருந்து இரண்டு மணி நேரம் வரை பறவைகள் மிகச் சுறுசுறுப்பாக இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை தொலைவிலுள்ள காட்டுக்குப் போவதைவிட, வாரம் இருமுறை இந்தச் சிறு இடத்தைச் சுற்றுவதே அதிகப் பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ராபர்ட் மார்ஷம் என்பவர் 1736இல் இத்தகைய குறிப்புகளைத் தொடங்கினார். முதல் தகைவிலான், முதல் கக்கூவின் குரல், தவளைகள் கத்தத் தொடங்கிய நாள், மரங்கள் தளிர்விட்ட நாள் என்று அவர் எழுதியவை யார் கண்ணிலும் காதிலும் படக்கூடியவைதாம். அவருடைய குடும்பத்தார் அதை 1958 வரை தொடர்ந்ததால், வெப்பநிலைக்கு ஏற்பத் தளிர்க்கும் காலம் எப்படி மாறுகிறது என்பதை ஆராய அந்த ஏடுகள் பிற்காலத்தில் உதவின.

ஒவ்வொரு முறையும் நாள், தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்த தொலைவு ஆகியவற்றைத் தவறாமல் எழுதுங்கள். பத்து நிமிடத்தில் நான்கு மைனா கண்டதும் இரண்டு மணி நேரத்தில் நான்கு மைனா கண்டதும் ஒன்றல்ல. செலவிட்ட நேரம் தெரியாவிட்டால் எண்ணிக்கைக்குப் பொருள் இல்லை. பறவைக் காட்சிகளைப் பதிவிட 2002இல் தொடங்கப்பட்ட இ-பேர்ட் இணையதளம், அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் சேர்த்திருக்கிறீர்களா என்று ஒவ்வொரு பட்டியலுக்கும் கேட்பது இதனால்தான். காக்கை, மைனா உட்பட எதையும் விடாத பட்டியலில் ஒரு பறவையின் பெயர் இல்லையென்றால், அந்த இல்லாமையே ஒரு செய்தியாகிறது.

அடையாளம் காணும்போது முதலில் கண்டதைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு, அதன் பிறகு பறவைப் படக் கையேட்டைத் திறக்க வேண்டும். ஒருமுறை நான் படத்திலிருந்த வெண்புருவத்தைப் பார்த்துவிட்டு, கிளையிலிருந்த கதிர்க்குருவிக்கும் அப்படியே இருந்ததாக எழுதினேன். எடுத்த ஒளிப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அப்படி ஒன்றும் இல்லை. உருவ அளவு, அலகின் வடிவம், வாலின் நீளம், அசையும் விதம் ஆகியவற்றுக்குப் பிறகே நிறத்துக்கு வாருங்கள். கம்பியில் வரிசையாக அமர்ந்திருப்பவை தகைவிலான்களாக இருக்கலாம். பறக்கும்போது அவற்றைப் போலவே தோன்றும் உழவாரன்கள் கம்பியில் அமர்வதில்லை. இளவேனிலில் நிறமே மாறுவதும் உண்டு. முன்பு சொன்ன சாம்பல் வாலாட்டியில் ஆணுக்குக் குளிர்காலம் முழுவதும் தொண்டை வெளுப்பாக இருக்கும். கிளம்பும் காலம் நெருங்கும்போது அங்கே கருமை திட்டுத்திட்டாகத் தோன்றி, பின் முழுத் தொண்டையும் கறுத்துவிடும். அந்தக் கருமையைக் கண்டால் பறவை புறப்படும் நாள் தொலைவில் இல்லை என்று கொண்டு, அதன் பின் இன்னும் அடிக்கடி சென்று பாருங்கள்.

குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் போன்ற செயலிகள் நல்ல துணை. ஆனால் அவை தருவது குறிப்பு மட்டுமே. துடுப்புவால் கரிச்சான் பிற பறவைகளின் குரலை அப்படியே எழுப்பக்கூடியது. செயலி சொன்ன பெயரை நீங்களே கண்டோ கேட்டோ உறுதி செய்யாமல் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

பறவையல்லாத உயிர்களுக்கு ஒளிப்படமே சிறந்த சான்று. பட்டாம்பூச்சியின் சிறகை விரித்த நிலையிலும் மூடிய நிலையிலும் எடுங்கள். தவளைக்குப் படத்தோடு குரலையும் பதிவு செய்யுங்கள். ஈரமண்ணில் காலடித் தடம் கண்டால், அருகில் அளவுகோலை வைத்து நேர் மேலிருந்து படமெடுங்கள். நாய் இனத் தடங்களில் நகக்குறி பெரும்பாலும் பதிந்திருக்கும், பூனை இனத் தடங்களில் பெரும்பாலும் இராது. இவற்றை ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் சேர்த்தால் மற்றவர்களும் பார்த்து அடையாளத்தைச் சரிபார்ப்பார்கள். கேமராவின் கடிகாரம் சரியாக இருக்கிறதா என்று புறப்படும் முன்பே பாருங்கள்.

இளவேனில் பல பறவைகள் கூடு கட்டும் காலம் என்பதால் ஒரு விதியை எந்தப் படத்துக்காகவும் மீறக் கூடாது. அலகில் புழுவைக் கவ்விய பறவை கூட்டுக்குப் போகாமல் கிளைக்குக் கிளை தாவி விடாமல் கத்திக்கொண்டிருந்தால், நீங்கள் கூட்டுக்கு மிக அருகில் நிற்கிறீர்கள் என்று பொருள். குஞ்சுகள் அங்கே பசியோடு காத்திருக்கின்றன. உடனே வந்த வழியே பின்வாங்குங்கள். மறைக்கும் இலைகளை விலக்குவதும், ஒலிப்பதிவை இசைத்துப் பறவையை வரவழைப்பதும் வேண்டவே வேண்டாம். அருகிவரும் இனங்கள் பலவற்றின் இருப்பிடத்தை இந்தத் தளங்கள் தாமே மறைக்கின்றன. ஆயினும் எந்தக் கூட்டின் இடத்தையும் குஞ்சுகள் பறந்து செல்லும் வரை உங்கள் குறிப்பேட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

புறப்பட்ட நாளைக் குறிக்க அவசரப்பட வேண்டாம். அதே நேரத்தில், அதே வழியில் தொடர்ந்து மூன்று முறை சென்றும் வாலாட்டியைக் காணவில்லையென்றால், ஏட்டைப் பின்னோக்கிப் புரட்டி, அதன் பெயர் கடைசியாக வந்த நாளுக்கு எதிரே ‘கடைசிக் காட்சி’ என்று எழுதுங்கள். அதற்குப் பிறகு அது மீண்டும் தென்பட்டால், அந்தச் சொல்லை அடித்துவிட்டுப் புதிய நாளுக்கு மாற்றுங்கள்.