33ஆம் ஒழுங்கை வீட்டைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

கொழும்பில் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் வீட்டைப் பார்க்கப் போவதாக யாழ்ப்பாணத்தில் யாராவது என்னிடம் சொன்னால், பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் இங்கேயே ஒரு நாற்சார் வீட்டில் ஒரு காலைப்பொழுதைக் கழித்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்வேன். உறவினர் வீடு ஒன்று அப்படி எஞ்சியிருந்தால் நல்லது. இல்லையென்றால் அறிந்தவர் மூலம் அனுமதி பெற்றுச் செல்லலாம். உள்முற்றத்தைச் சுற்றியுள்ள விறாந்தையில் காலை 8 மணிக்கு உட்கார்ந்து, வெயில் எந்தச் சுவரில் விழுகிறது, 11 மணியளவில் அது எங்கே இறங்கியிருக்கிறது, நான்கு பக்கத்துக் கூரைகளிலும் இறங்கும் மழைநீர் எந்தப் பீலி வழியாக வெளியேறும், வீட்டார் மத்தியான வெக்கையில் எந்த மூலையைத் தேடிப் போகிறார்கள் என்பவற்றைக் கவனியுங்கள். இதைச் செய்துவிட்டுப் போகிறவருக்குக் கொழும்பு வீட்டின் பாதி முன்கூட்டியே விளங்கிவிடும். செய்யாமல் போகிறவர் அழகான நாற்காலிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். முதல்முறை நானும் அப்படித்தான் திரும்பி வந்தேன்.

அந்த வீடு கொள்ளுப்பிட்டியில், பகத்தலை வீதியிலிருந்து பிரிகிற 33ஆம் ஒழுங்கையில், 11ஆம் இலக்கத்தில் இருக்கிறது. 1919இல் பிறந்த பாவா முதலில் சட்டம் படித்து வழக்கறிஞரானவர். பெந்தோட்டைக்கு அருகே லுனுகங்க என்ற தோட்டத்தை 1948இல் வாங்கித் திருத்தத் தொடங்கிய பின்னர்தான், மனத்தில் இருப்பதைக் கட்டி முடிக்கும் தொழிலறிவு தமக்குப் போதாது என்று கண்டு லண்டனுக்குச் சென்று கட்டடக்கலை கற்றார். அவர் கட்டடக்கலைஞராகத் தகுதி பெற்ற 1957இல் அவருக்கு வயது 38. கோட்டேயில் 1982இல் திறக்கப்பட்ட பாராளுமன்றக் கட்டடத்தின் வழியாக இன்று அவர் பெயரை அறியாதவர் இல்லை. ஆனால் அவருடைய சிந்தனையை அருகிலிருந்து பார்க்க விரும்புகிறவர் இந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும். ஒழுங்கையின் முடிவில் வரிசையாக இருந்த நான்கு சிறிய வீடுகளில் மூன்றாவதில் 1958இல் அவர் குடியேறினார். சிறிது காலத்தில் நான்காவது வீடும், ஏறத்தாழ பத்து ஆண்டுகளில் எஞ்சிய இரண்டும் அவர் கைக்கு வந்தன. முன்னால் இருந்த வீட்டை இடித்துவிட்டு அந்த இடத்தில் மாடிகளை அடுக்கிக் கட்டினார். மற்றவற்றை ஒன்றோடொன்று இணைத்து, சுவர்களை நீக்கியும் திறந்தும் பல ஆண்டுகள் மாற்றிக்கொண்டே இருந்தார். 2003இல் அவர் காலமான பின்னர், அவர் பெயரிலான அறக்கட்டளை வீட்டைப் பாதுகாத்து வருகிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் உலகெங்கும் பரவிய நவீன பாணியைக் கண்ணாடிச் சுவரும் இரும்புச் சட்டமும் தட்டைக் கூரையுமாகவே படங்களில் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த வீடு முதலில் சற்று ஏமாற்றமாக இருக்கக்கூடும். 1960களின் இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் கண்ணாடியும் இரும்பும் கிடைப்பது அரிதாகவும் விலை உயர்வாகவும் இருந்தன. பாவாவும், அவருடன் அந்த ஆண்டுகளில் பணியாற்றிய டென்மார்க் நாட்டவரான உல்ரிக் பிளெஸ்னரும் ஓடு, செங்கல், மரம், கருங்கல், சுண்ணாம்பு ஆகிய உள்ளூர்ப் பொருள்களைக் கொண்டே நவீனமான திறந்த வெளிகளை அமைத்தார்கள். நெளிந்த சீற்றை முதலில் பரப்பி, அதன் பள்ளங்களில் பழைய நாட்டோட்டை அடுக்கும் முறையை அவர்கள் கையாண்டதை நம் ஊர் மேசன்மாரிடம் சொன்னால் உடனே தலையாட்டுவார்கள்: சீற் ஒழுக்கைத் தடுக்கும், ஓடு சூட்டைத் தாங்கும்.

முன்பதிவு இல்லாமல் போய்க் கதவைத் தட்டுவதில் பயனில்லை. குறித்த நேரங்களில் சிறு குழுக்களாகவே அழைத்துச் செல்கிறார்கள், கட்டணமும் உண்டு. பதிவு செய்யும்போதே மூன்று நான்கு விடயங்களைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்: விளக்கம் எந்த மொழியில் இருக்கும், படம் எடுக்கலாமா, அன்றைய தினம் எந்தப் பகுதிகள் திறந்திருக்கும், உங்களோடு முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் வருவதாக இருந்தால் மாடிப்படிகள் எப்படிப்பட்டவை. மேல்மாடியில் விருந்தினர்கள் தங்குவதுண்டு என்பதால் சில அறைகள் மூடியிருக்கலாம்.

இரவுப் பயணம் முடிந்த கையோடு நேரே வீட்டுக்குப் போகாதீர்கள். கண் எரிச்சலோடு பார்க்கிற வீடு இது அல்ல. யாழ்தேவியில் பகலில் போய், இரவு உறவினர் வீட்டிலோ விடுதியிலோ தங்கி, மறுநாள் காலை நேரத்துக்குப் பதிவு செய்வதே நல்லது. புகையிரத நேரங்கள் மாறிக்கொண்டிருப்பதால் அவற்றைச் சரிபார்த்த பின்னரே வீட்டுக்கான நேரத்தை உறுதிப்படுத்துங்கள். கோட்டையிலிருந்து கரையோரப் புகையிரதத்தில் கொள்ளுப்பிட்டியில் இறங்கினால் ஓட்டோவில் சிறிது தூரம்தான். உள்ளே செருப்பைக் கழற்ற வேண்டியிருக்கும். வீட்டுக்குள் செருப்போடு நுழையாத நமக்கு அது சிரமமில்லை, ஆனால் நிலம் பல இடங்களில் வெள்ளை என்பதால் காலைத் துடைத்துக்கொண்டு ஏறுவது மரியாதை.

உள்ளே நுழைந்ததும் வாகனக் கொட்டிலில் 1934ஆம் ஆண்டு றோல்ஸ் றோய்ஸ் கார் நிற்கும். எல்லோரும் அங்கே கூடிவிடுவார்கள். நான் முதல்முறை மைத்துனர் குடும்பத்தோடு போனபோது எங்களுக்குக் கிடைத்த நேரத்தில் பெரும்பகுதியை அங்கேயே படமெடுத்துக் கழித்துவிட்டோம். காரைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். அதற்கப்பால் நீளமான வெள்ளை நடைவழி ஒன்று தொடங்குகிறது. அங்கேதான் நிற்க வேண்டும். முன்பு நான்கு வீடுகளுக்கும் போய்வரப் பயன்பட்ட சிறு ஒழுங்கைதான் இப்போது வீட்டுக்குள் வந்து நடைவழியாகியிருக்கிறது. அயலவர் நடந்த பாதை ஒன்றை அப்படியே விட்டுவிட்டு, இரு பக்கமும் வீட்டைத் திருப்பி அமைத்திருக்கிறார் என்பது விளங்கியதும், அந்த நடைவழி ஏன் அவ்வளவு நீளம், ஏன் அவ்வளவு ஒடுக்கம் என்ற கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும். காணிப் பிரிப்பில் ஒழுங்கைக்காக வழக்காடியவர்கள் நிறைந்த ஊரிலிருந்து போகிற நமக்கு இது மற்ற எவரையும்விட நன்றாகவே விளங்கும்.

நடைவழியில் நிற்கும்போது வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் பாருங்கள். நீங்கள் நிற்கிற இடம் மங்கலாக இருக்கும். எதிரே, கூரையில்லாத ஒரு சிறு வெளியில் வெயில் இறங்கி வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும். செட்டிநாட்டு வீடொன்றிலிருந்து வந்த பழைய கடைசல் மரத்தூண்கள் அப்படியொரு வெளியின் ஓரத்தில் நிற்பதைக் காண்பீர்கள். இத்தகைய திறந்த வெளிகள் வீடு முழுவதும் சிறிதும் பெரிதுமாகச் சிதறிக் கிடக்கின்றன. நம் நாற்சார் வீட்டில் நடுவே ஒரே முற்றம். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அடுத்த பக்கத்தில் இருப்பவர் தெரிவார். நகரத்து ஒடுங்கிய காணியில், அயல்வீட்டு மதில் ஒட்டி நிற்கும் இடத்தில், பக்கச் சுவரில் யன்னல் வைக்க வழியில்லை. ஆகவே பாவா ஒரு முற்றத்தைப் பலவாகப் பிரித்து, அறைகளின் முடிவிலும் மூலையிலும் வைத்தார். சூடான காற்று அவற்றின் வழியாக மேலே போகிறது, அதன் இடத்துக்கு நடைவழியிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது.

இரண்டாவது முறை நான் தனியாகப் போயிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஒரு சிறு வெளியின் விளிம்பில், சுவரோடு ஒதுங்கி நின்றேன். துளிகள் கல்லில் விழுந்து ஒரு சாண் உயரத்துக்குத் தெறித்தன. என் பெருவிரலிலிருந்து இரண்டு அடி தள்ளி நிலம் நனைந்திருந்தது, நான் நின்ற இடம் உலர்ந்தே இருந்தது. யன்னலைச் சாத்தவோ பாயைச் சுருட்டவோ வீட்டில் யாரும் ஓடவில்லை. கூரை எவ்வளவு வெளியே நீண்டிருக்கிறது, நிலம் எந்தப் பக்கம் சரிகிறது என்பதை அதற்குப் பின்னர்தான் குனிந்து பார்த்தேன். மழைக்காலத்தில் போக நேர்ந்தால் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

கைத்தொலைபேசியை விடப் பாடசாலைக் கொப்பி ஒன்றும் பென்சிலும் இங்கே கூடுதலாக உதவும். வீட்டின் படத்தைக் கோணலாகவேனும் வரைந்து, வானம் தெரிகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு வட்டம் போடுங்கள். வரையும்போதுதான் எந்தச் சுவர் எங்கே முடிகிறது என்ற கேள்வி எழும்; வழிகாட்டியிடம் கேட்பதற்கு அதைவிட நல்ல கேள்வி இல்லை. டொனால்ட் ஃப்ரெண்ட் என்ற அவுஸ்திரேலிய ஓவியர் தீட்டிய கதவு, பத்திக் கலைஞர் ஈனா டி சில்வாவின் துணி, சிற்பி லக்கி சேனாநாயக்கவின் கைவேலை ஆகியவை வீட்டில் உண்டு. இவற்றைத் தனித்தனிப் பொருள்களாகப் பார்க்காமல், எந்த வெளிச்சத்தில் எந்த உயரத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். எதையும் தொடாதீர்கள், நாற்காலியில் சாயாதீர்கள். சிறு பிள்ளைகளைக் கைப்பிடியிலேயே வைத்திருங்கள். மொட்டைமாடி வரை ஏற அனுமதி இருந்தால் கட்டாயம் ஏறுங்கள். கீழே துண்டு துண்டாகக் கண்ட வானம் அங்கே முழுமையாக விரிந்திருக்கும்.

இன்னொரு நாள் ஒதுக்க முடிந்தால் லுனுகங்கவுக்கும் போக வேண்டும். அளுத்கம வரை புகையிரதம், பின்னர் ஓட்டோ. தோட்டத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும் என்பதால் இங்கே விடுகிறேன். அதன் ஓரத்தில் நிற்கிற ஈனா டி சில்வாவின் வீட்டைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். கொழும்பு அல்பிரட் பிளேசில் 1960களின் தொடக்கத்தில் பாவா கட்டிய அந்த வீடு தெருவுக்கு மதிலைக் காட்டிவிட்டு, முழுவதும் நடுமுற்றத்தை நோக்கித் திரும்பியிருப்பது. காணி கைமாறி வீடு இடிபடும் நிலை வந்தபோது, அதை ஓடு ஓடாக, கல் கல்லாக, நிலை நிலையாகக் கழற்றி, துண்டுகளுக்கு அடையாளமிட்டு, லுனுகங்கவுக்குக் கொண்டுபோய் மீண்டும் கட்டினார்கள். 2009இல் கழற்றத் தொடங்கிய வேலை 2016இல் நிறைவுற்றது. அங்கேயும் விருந்தினர் தங்குவதால், பார்வைக்கு அனுமதி உண்டா என்று முன்பே தனியாகக் கேட்க வேண்டும். கூரையற்று ஆலமரம் முளைத்த வீடுகளைத் தெருத்தெருவாகப் பார்த்து வளர்ந்த எனக்கு, ஒரு வீட்டுக்காக இவ்வளவு பொறுமை காட்டியிருக்கிறார்கள் என்பதை அந்த முற்றத்தில் நின்றபோது தாங்க முடியவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் கொப்பியை மூடிவிடாதீர்கள். 1950களிலும் 60களிலும் கட்டிய வீடுகள் இங்கும் இருக்கின்றன: கொங்கிறீற் நிழல்தட்டு, காற்றுக்கு விட்ட துளைக்கற்கள், மினுக்கிய சிவப்புச் சீமெந்து நிலம், வளைந்த முன்விறாந்தை. பழைய நாற்சார் வீட்டுக்குக் கிடைக்கிற மதிப்புக்கூட இவற்றுக்குக் கிடைப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து காசு வந்ததும் முதலில் இடிபடுவது இவைதான். அப்படியொரு வீட்டாரிடம் அனுமதி கேட்டு, மேலே சொன்னபடியே பாருங்கள், வரையுங்கள். வீட்டில் மூத்தவர் இருந்தால், அளவுநாடாவை வெளியே எடுப்பதற்கு முன் அவர் அருகில் உட்கார்ந்து, வேலை செய்த மேசன் எந்த ஊரவர், மரம் எங்கிருந்து வந்தது, எந்த அறை பிறகு கூட்டிக் கட்டியது என்று கேட்டு, அவர் சொல்வதை அவர் சொன்னபடியே எழுதி, கீழே திகதியும் இடுங்கள்.