கப்பலில் சிறப்பு விருந்து: நம் ஊர்க்காரர்கள் சறுக்கும் இடங்கள்

திருநெல்வேலிச் சைவக் குடும்பங்களில் கல்யாணத்துக்கு மறுநாள் சொதிச் சாப்பாடு. தேங்காய்ப்பால் சொதி, கூடவே இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு. அதை முகூர்த்தப் பந்தியில் உட்கார்ந்து கேட்டால் கிடைக்காது. உல்லாசக் கப்பலில் ‘காலா டின்னர்’ என்று சிறப்பு விருந்து வைக்கிறார்களே, அதுவும் அப்படித்தான். அதற்கென்று ஒரு ராத்திரி உண்டு, ஒரு முறையும் உண்டு. நாலைந்து நாள் பயணம் என்றால் பெரும்பாலும் ஒரு முறை, ஒரு வாரம் என்றால் இரண்டு முறை நடக்கும். தினமும் லாப்ஸ்டர் என்கிற சிங்கி இறால் வரும் என்று நினைத்துப் போகிறவர்கள் முதல் ராத்திரியே முகம் சுண்டிப் போகிறார்கள்.

சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் நாலு ராத்திரிப் பயணம் ஒன்று பாளையங்கோட்டையிலிருந்து நாங்கள் போய்வந்தோம். அத்தை, மாமா, நான், என் மனைவி. செய்யக்கூடிய தவறுகளில் பாதியை நாங்களே செய்து முடித்தோம்.

பெரிய தவறு, ‘வெஜிடேரியன்’ என்று ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருப்பது. அங்கே அந்த வார்த்தைக்குள் முட்டை அடக்கம். முதல் ராத்திரி மெனு அட்டையில் சீசர் சாலட் என்று பார்த்தேன். இலைதானே என்று அத்தைக்கு அதையே சொன்னேன். ரெண்டு வாய் சாப்பிட்டவர் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். “எய்யா, இதுல கருவாட்டு வாடைல்லா அடிக்கி!” பரிசாரகரைக் கூப்பிட்டு விசாரித்தால், அந்த சாஸில் அரைத்துச் சேர்ப்பதே நெத்திலி மீன்தானாம். காய்கறி சூப்பைக் கோழி வேகவைத்த தண்ணீரில் செய்வது உண்டு. பன்னா கோட்டா என்கிற பால் இனிப்பை உறைய வைப்பது ஜெலட்டின், அது மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுப்பது. விருந்தின் கடைசியில் பல கப்பல்களில் ஆரவாரமாகக் கொண்டுவரும் ‘பேக்ட் அலாஸ்கா’ ஐஸ்கிரீமுக்கு மேலே மூடியிருக்கும் வெள்ளை நுரை, முட்டை வெள்ளைக்கரு. ஆகவே என்னென்ன கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்: மீன், இறைச்சி, அது வெந்த தண்ணீர், முட்டை, ஜெலட்டின். டிக்கெட் போடும்போதே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். ஏறியதும் தலைமைப் பரிசாரகரிடம் ஒருமுறை நேரில் சொல்லுங்கள். மறுநாள் மெனுவை முதல் நாள் ராத்திரியே காட்டச் சொன்னால் பெரும்பாலும் காட்டுவார்கள், அதிலிருந்து தேர்ந்து சொல்லிவிடலாம். மேசைக்கு வந்து உட்கார்ந்த பிறகு சொன்னால் சமையற்காரர் என்ன செய்வார் பாவம்.

அடுத்தது கடிகாரம். புக்கெட்டில் நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி பின்னால். கரையில் சுற்றிவிட்டு வந்தோம், போன் தாய்லாந்து நேரத்துக்குத் தானாக மாறியிருந்தது. கப்பலோ சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. ஆறு மணிப் பந்திக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே போகிறோம் என்ற பெருமையோடு போனால், பக்கத்து மேசையில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். போனை நம்பாதீர்கள், கப்பலின் கடிகாரத்தைப் பாருங்கள்.

காசு விஷயத்துக்கு வருவோம். பிரதான சாப்பாட்டுக் கூடம் டிக்கெட்டோடு சேர்ந்தது. அங்கே ஒரு பதார்த்தத்துக்கு இரண்டாகக் கேட்டாலும் பொதுவாகத் தருவார்கள், லாப்ஸ்டரை மட்டும் சில கப்பல்களில் இரண்டாவது தட்டுக்குத் தனியாக வசூலிக்கிறார்கள். ‘ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரண்ட்’ என்று பலகை மாட்டிய இடம் வேறு. அங்கே தலைக்கு இத்தனை அமெரிக்க டாலர் என்று கணக்கு, மேலே 18 சதவீதம்போல சேவைக் கட்டணம். 50 டாலர் என்று போட்டிருந்தால் 59 ஆகிறது, இரண்டு பேருக்கு 118. நம் பணத்தில் பத்தாயிரத்துக்குக் குறையாது. குளிர்பானமும் மதுவும் தனி பில். என்னைக் கேட்டால், முதல் முறை போகிறவர்களுக்கு அந்த இடம் தேவையே இல்லை. ஆசையாக இருந்தால் முன்பதிவு செய்யுங்கள். முதல் ராத்திரிக்கு விலை குறைக்கும் கப்பல்களும் உண்டு.

உடுப்பைப் பற்றி ரொம்பப் பயப்பட வேண்டாம். கோட்டு சூட்டு தைக்க வண்ணார்பேட்டைக்கு ஓடவேண்டியதில்லை. பட்டுப்புடவையும் வேட்டி சட்டையும் கௌரவமான உடைதான், மாமா அப்படியே வந்தார். அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு, தொப்பி மட்டும் ஆகாது.

சாயங்காலம் பஃபேயில் சமோசாவும் கேக்குமாக வயிற்றை நிரப்பிக்கொண்டு விருந்துக்குப் போவது இன்னொரு தவறு. அப்புறம், தட்டில் வரும் அளவைப் பார்த்து “இவ்வளவுதானா?” என்று முகம் சுளிப்பது. ஒன்றன்பின் ஒன்றாக வரும், ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. நம் பந்திபோல இலையில் எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பரிமாற மாட்டார்கள்.

கடைசி ராத்திரிதான் எங்கள் காலா டின்னர். முந்தின நாளே சொல்லி வைத்திருந்ததால் அத்தைக்குத் தனியாகச் சோறு, பருப்பு, பனீர், ஒரு கிண்ணம் தயிர் வந்தது. பருப்பில் உப்பு போதவில்லை என்றார். தயிரில் தண்ணீரை ஊற்றி, உப்பைப் போட்டுக் கரண்டியால் கலக்கி, ஒயின் கிளாஸில் ஊற்றிக் குடித்தார். சுற்றிலும் கோட்டும் கவுனுமாக உட்கார்ந்திருந்த கூடத்தில் மோர் குடித்தது அத்தை மட்டும்தான் இருக்கும்.