மாட்டுத்தாவணியில் பஸ் ஏறத் தெரிந்தவர் இலங்கையில் பஸ் ஏறுவது எப்படி

மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் சுமார் ஒரு மணி நேரம்தான். முதல் வெளிநாட்டுப் பயணமாக அங்கே போகலாமா என்று என்னிடம் கேட்கிறவர்கள் அடுத்து கேட்பது, ஊர் சுற்ற கார் பேசிக்கொள்ளணுமா என்பது. வேண்டாம். ஒரு ஆளாகவோ இரண்டு பேராகவோ பையை மாட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு லோக்கல் பஸ் போதும், காருக்குக் கொடுக்கிற காசில் சின்னப் பங்குதான் ஆகும். தீபாவளிக் கூட்டத்தில் மாட்டுத்தாவணியில் இடம் பிடித்தவர்களுக்குப் பாதி வித்தை ஏற்கெனவே தெரியும், மீதிப் பாதியைத்தான் இங்கே சொல்கிறேன்.

சிவப்பு பஸ் என்றால் அரசு பஸ், இலங்கை போக்குவரத்துச் சபை, சுருக்கமாக இ.போ.ச. மற்றது தனியார், உள்ளே கலர் விளக்கும் டிவியும் சிங்களப் பாட்டுமாக இருக்கும். நிறைய வண்டிகள் அசோக் லேலண்ட்தான், அந்த இன்ஜின் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. சாதா பஸ் இரண்டிலும் கட்டணம் ஏறக்குறைய ஒன்றுதான். ஏசி பஸ் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து கொழும்புக்கு 187ஆம் நம்பர் பஸ். அது கொண்டுவிடும் கோட்டை, புறக்கோட்டை என்கிற கொழும்புப் பகுதிகளின் பக்கம்தான் வெளியூர் பஸ்களும் கிளம்புகின்றன. அரசு பஸ் நிற்கிற இடம் வேறு, தனியார் பஸ் நிற்கிற பெஸ்டியன் மாவத்தை வேறு, ஆனால் நடந்துபோகிற தூரம்தான். ரூட் நம்பரை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: கண்டிக்கு 1, காலி வழியாக மாத்தறைக்கு 2, பதுளைக்கு 99. போர்டில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் இருக்கும். தமிழில் ‘காலி’ என்று எழுதியிருந்தால் அது தெற்கே உள்ள கடலோர ஊரின் பெயர், வண்டி காலி என்று அர்த்தம் இல்லை.

போர்டைவிடக் காதில் விழுகிற பெயரில்தான் ஏமாந்துபோவோம். ஆரப்பாளையத்தில் ‘தேனி தேனி’ என்று கூப்பிடுகிற மாதிரி அங்கே ‘நுவர நுவர’ என்று கத்துவார்கள். நுவரெலியா என்று நினைத்து ஏறிவிடாதீர்கள், சிங்களத்தில் நுவர என்றால் கண்டி. என்னோடு வந்த நண்பர் இப்படித்தான் ஏறி உட்கார்ந்துவிட்டார், டிக்கெட் எடுக்கும்போதுதான் விஷயம் தெரிந்தது, அவசரமாக இறங்கி அடுத்த வண்டி தேட வேண்டியதாயிற்று. யாப்பனய என்றால் யாழ்ப்பாணம், மடக்களப்புவ என்றால் மட்டக்களப்பு. சந்தேகம் வந்தால் கண்டக்டரிடமே கேளுங்கள். வெளியே நிற்கிற ஆட்டோக்காரர் ‘அந்த பஸ் போய்விட்டது’ என்று சொன்னால் அதை வைத்து முடிவு எடுக்காதீர்கள்.

பை விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். நம்ம மொஃபசல் பஸ் மாதிரி பின்னால் டிக்கி எல்லா வண்டியிலும் கிடையாது, மேலே உள்ள கம்பித் தட்டில் பெரிய பை ஏறாது. டிரைவருக்குப் பக்கத்தில் இடம் இருக்கும், கண்டக்டரிடம் கேட்டு அங்கே வைத்துவிட்டு, அது கண்ணில் படுகிற மாதிரி உட்காருங்கள். பக்கத்து சீட்டில் பை உட்கார்ந்தால் அதற்கும் டிக்கெட் கேட்கலாம், அதில் தப்பு இல்லை. பாஸ்போர்ட்டும் பணமும் மட்டும் மடியை விட்டு நகரக்கூடாது.

பஸ் கிளம்புகிற இடத்துக்கே போய் ஏறினால் சீட் கிடைக்கும், நடுவழியில் ஏறினால் நிற்க வேண்டியதுதான். முன்வரிசையில் புத்த பிக்குகளுக்கென்று ஒதுக்கிய சீட் இருக்கும், காலியாக இருந்தாலும் அதை விட்டுவிடுங்கள். பெண்கள் பக்கம், ஆண்கள் பக்கம் என்று நம்ம டவுன் பஸ்போலப் பிரித்து உட்காருவதில்லை. தனியாகப் போகிற பெண்கள் டிரைவர் பக்கத்து வரிசைகளில் உட்காருவதே நல்லது, கூட்டம் நெரிகிற வண்டியை விட்டு அடுத்ததில் ஏறுங்கள். 2021 முதல் இங்கே டவுன் பஸ்ஸில் இலவசமாகப் போய்ப் பழகிய அக்கா தங்கைகள் அங்கே சில்லறையும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

சில்லறை என்றதும் சொல்ல வேண்டும். நம்ம ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்று ரூபாய்க்கு மேல் கிடைக்கும், அதனால் கையில் இருப்பதெல்லாம் ஆயிரமும் ஐயாயிரமுமாகத்தான் இருக்கும். பஸ்ஸுக்கு முன்னால் ஒரு கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கி நோட்டை மாற்றிவிடுங்கள், இருபது, ஐம்பது, நூறாக வைத்திருந்தால் நிம்மதி. கண்டக்டர் நோட்டுகளை நீளவாக்கில் மடித்து விரல் இடுக்கில் சொருகிக்கொண்டு வருவார். ஐந்நூறைக் கொடுத்தால் அப்போதே மீதி தரமாட்டார், ஒன்றும் சொல்லாமல் நகர்ந்துவிடுவார். எனக்கு முதல் தடவை பதறிவிட்டது. அரை மணி நேரம் கழித்து அவராகவே வந்து எண்ணிக் கொடுத்தார். இறங்குகிற இடம் நெருங்கியும் வரவில்லையென்றால் ‘இதுரு சல்லி’ என்று கேளுங்கள், மீதிப் பணம் என்று அர்த்தம், நாம் சல்லிக்காசு என்கிறோமே அதே சல்லி. கட்டணம் அநியாயமாகத் தெரிந்தால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955 என்ற எண்ணில் புகார் சொல்லலாம், பஸ் நம்பரையும் டிக்கெட்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

இறங்கணும் என்றால் ‘பஹினவா’ என்று சத்தமாகச் சொன்னால் போதும். யாழ்ப்பாணத்திலும் மலையகத்திலும் தமிழே போதும்.

கொழும்பிலிருந்து கண்டி 115 கிலோமீட்டர்தான், இங்கிருந்து திருச்சியைவிடக் குறைவு, ஆனால் மூன்று மூன்றரை மணி நேரம் ஆகும். நடுவில் டீக்கு நிறுத்துவார்கள் என்று நம்பாமல் கிளம்பும் முன்பே கழிப்பறைக்குப் போய்விடுங்கள். கண்டியிலிருந்து நுவரெலியா வளைவுகள் வத்தலக்குண்டு கொடைக்கானல் பாதை மாதிரி, வாந்தி வருகிறவர்கள் முன்பக்க ஜன்னலோரம் பிடியுங்கள், வயிற்றை நிரப்பிக்கொண்டு ஏறாதீர்கள்.

அந்த வழியில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர் ‘எந்த ஊர்?’ என்று கேட்டால் மதுரை என்று சொல்லிப்பாருங்கள். மதுரை, ராமநாதபுரம், திருச்சிப் பக்கமிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே நிறைய. ஹட்டன் பஸ்ஸில் ஒரு அம்மா தன் பாட்டி ஊர் மேலூர் பக்கம் என்று சொல்லி, நான் இறங்க வேண்டிய இடத்தை டிரைவரிடம் அவரே சொல்லி வைத்தார். மலைப் பக்கம் பொழுது சாய்ந்தால் பஸ் குறைந்துவிடும், அதனால் போகும்போதே திரும்பி வருகிற கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று இவர்களைப் போன்றவர்களிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.