லண்டன்ல குழந்தையப் பாத்துக்க ஆள் தேடுறீங்களா, நேனி வைக்கிறதுக்கு முன்னாடி இதப் படிச்சிருங்க

புதுசா லண்டன் பக்கம் வந்து எறங்குற நம்ம ஆளுங்க, ஈஸ்ட்ஹாம்ல வீடு எடுத்தாலும் சரி ஹாரோ, டூட்டிங், க்ராய்டன்ல எடுத்தாலும் சரி, வீடு செட்டாகி பேங்க் அக்கவுண்ட் ஓப்பன் பண்ணி முடிச்ச உடனே கேக்குற அடுத்த கேள்வி இதுதான், ரெண்டு பேரும் வேலைக்குப் போனா குழந்தைய யாரு பாத்துக்குவா. ஊர்ல பாட்டி இருந்தாங்க, பக்கத்து வீட்டு அக்கா இருந்தாங்க, முடியலன்னா மாச சம்பளத்துக்கு ஒரு ஆயாம்மா இருந்தாங்க. இங்க அந்த எடத்துல நாலஞ்சு விதமான ஆளுங்க இருக்காங்க, ஒவ்வொண்ணுக்கும் சட்டமும் வேற செலவும் வேற. நான் சொல்றது இங்கிலாந்துக்கு மட்டும், ஸ்காட்லாந்து, வேல்ஸ்ல ரூல்ஸ் வேற மாதிரி.

முதல்ல ஒண்ணு தெளிவா புரிஞ்சுக்கங்க. நேனின்னா உங்க வீட்டுக்கு வந்து உங்க குழந்தைய மட்டும் பாத்துக்குறவங்க. அப்படி ஒருத்தர வச்ச அந்த நிமிஷமே நீங்க ஒரு முதலாளி. "அவங்க செல்ஃப் எம்ப்ளாய்டு, டாக்ஸ் அவங்களே கட்டிக்குவாங்க"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, எத்தனை மணிக்கு வரணும் என்ன பண்ணணும்னு நீங்கதான் சொல்றீங்கன்னா அவங்க உங்க ஊழியர், இங்கத்த டாக்ஸ் டிபார்ட்மெண்ட் எச்எம்ஆர்சி அப்படித்தான் பாக்கும், எம்ப்ளாயரா ரிஜிஸ்டர் பண்றதும் மாசாமாசம் பேரோல் (டாக்ஸ் புடிச்சு சம்பளக் கணக்கு போடுறது) ஓட்டுறதும் பேஸ்லிப் குடுக்குறதும் உங்க வேலை. இதுக்குன்னே நேனி பேரோல் கம்பெனிங்க இருக்கு, வருஷத்துக்கு ஒரு தொகை வாங்கிட்டு எல்லாத்தையும் பாத்துக்குவாங்க, அந்தக் காசக் குடுத்துட்டு நிம்மதியா இருக்கறதுதான் நல்லதுன்னு நான் சொல்வேன்.

கணக்கு போட்டுக் காட்டுறேன், ஏன்னா இதப் பாக்காமத்தான் நெறைய பேரு ஆள் வச்சிட்டு முழிக்கிறாங்க. 2025 ஏப்ரல்ல 21 வயசும் அதுக்கு மேலயும் உள்ளவங்களுக்கு மினிமம் வேஜ மணிக்கு 12.21 பவுண்ட் ஆக்குனாங்க, ஒவ்வொரு ஏப்ரலும் இது ஏறும். அந்த 12.21லயே வாரம் 40 மணி நேரம்னு வச்சா வருஷத்துக்கு 25,397 பவுண்ட் கிட்ட வரும். அதுக்கு மேல எம்ப்ளாயர் நேஷனல் இன்சூரன்ஸ்னு கவர்மெண்டுக்கு நீங்க கட்டுறது, 5,000 பவுண்டுக்கு மேல வர்ற சம்பளத்துல 15 சதவீதம், அது ஒரு 3,060. ஆபீஸ் கம்பெனிங்களுக்குக் கிடைக்கிற எம்ப்ளாய்மெண்ட் அலவன்ஸ்ங்கிற நேஷனல் இன்சூரன்ஸ் தள்ளுபடி வீட்டு நேனிக்குக் கிடையாது. வருஷம் 10,000 பவுண்டுக்கு மேல சம்பளம்னா, வயசு 22 ஆயிருந்தா பென்ஷன்லயும் சேக்கணும், உங்க பங்கு குறைஞ்சது 3 சதவீதம், அது ஒரு 575. எல்லாம் சேத்தா 29,000 பவுண்ட் தாண்டிடும், இது மினிமம் வேஜ்ல, லண்டன்ல அனுபவம் உள்ள நேனி யாரும் மினிமம் வேஜுக்கு வர மாட்டாங்க. இந்த மொத்தக் காசும் நீங்க டாக்ஸ் கட்டி முடிச்சு கைக்கு வந்த சம்பளத்துல இருந்து போகணும். ஒரு குழந்தை, ரெண்டு பேருக்கும் ஒன்பதுல இருந்து அஞ்சு மணி வேலைன்னா நேனி உங்களுக்கு ஒத்து வராது, இத நான் வெளிப்படையாவே சொல்லிடுறேன். ட்வின்ஸ் இருக்காங்க, இல்ல ரெண்டு மூணு சின்னப் பிள்ளைங்க, இல்ல ஒருத்தர் என்எச்எஸ்ல (இங்கத்த அரசு மருத்துவ சேவை) நர்ஸ், டாக்டர்னு நைட் ஷிஃப்ட் வீக்கெண்ட் ஷிஃப்ட் மாறி மாறி வருதுன்னா அப்பதான் நேனிய யோசிக்கணும்.

அந்த மாதிரி தேவை இருக்கவங்களுக்கு நேனில என்னென்ன வகைன்னு பாப்போம்.

காலைல வந்து சாயங்காலம் போறவங்க லிவ் அவுட் நேனி, இதுதான் சாதாரணமா கெடைக்கிறது. லிவ் இன் நேனி உங்க வீட்டுலயே தங்குவாங்க, அவங்களுக்குன்னு தனி ரூம் வேணும், ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட்ல இருக்கவங்க இதப் பத்தி யோசிக்கவே வேணாம். முன்னாடி எல்லாம் குடும்பத்தோட தங்குறவங்களுக்கு மினிமம் வேஜ் குடுக்க வேணாம்னு ஒரு விலக்கு இருந்துச்சு, 2024 ஏப்ரல் 1ல அத எடுத்துட்டாங்க, அதனால "சோறும் ரூமும் குடுக்குறோம்ல"ன்னு சொல்லி சம்பளத்தக் கொறைக்கிற பேச்சே இப்ப கிடையாது. ரூமுக்குன்னு ஒரு சின்னத் தொகை மட்டும் கழிச்சுக்கலாம், சாப்பாட்டுக்குக் கழிக்கக் கூடாது.

நேனி ஷேர்னு ஒண்ணு இருக்கு, எனக்குப் பிடிச்ச வழி இதுதான். நீங்களும் பக்கத்துத் தெருவுல இருக்க இன்னொரு குடும்பமும் சேந்து ஒரு நேனிய வச்சுக்கறது, ரெண்டு குழந்தையும் ஒரே வீட்டுல, செலவு பாதிப் பாதி. ரெண்டு குடும்பம் வரைக்கும் அந்த நேனி ஆஃப்ஸ்டெட்ல (குழந்தை பராமரிப்பு, ஸ்கூல் எல்லாத்தையும் இன்ஸ்பெக்ட் பண்ற அரசு அமைப்பு) கட்டாயம் பதியணும்னு இல்ல, மூணாவது குடும்பம் வந்தா பதியணும். ஆனா ரெண்டு வீடும் ஒரே மாதிரி யோசிக்கணும், குழந்தைக்குச் சளி புடிச்சா அனுப்பலாமா, டிவி போடலாமா, அசைவம் குடுக்கலாமா, எந்த வாரம் ஊருக்குப் போவீங்க அப்ப சம்பளம் யாரு தருவா, இதெல்லாம் ஆரம்பத்துலயே எழுதி வச்சுக்கங்க.

ஸ்கூல் விட்டு கூட்டிட்டு வந்து நீங்க வர்ற வரைக்கும் பாத்துக்க ஆஃப்டர் ஸ்கூல் நேனி, பொறந்த குழந்தைக்கு முதல் சில வாரம் கூட இருக்க மெட்டர்னிட்டி நர்ஸ், ராத்திரி மட்டும் வர்ற நைட் நேனி. கடைசி ரெண்டும் ரொம்ப காஸ்ட்லி. பேருலதான் நர்ஸ், அதுக்குன்னு ஆஸ்பத்திரி நர்ஸ் படிப்பு படிச்சிருப்பாங்கன்னு நெனச்சுக்காதீங்க, கேட்டுத் தெரிஞ்சுக்கங்க. மதர்ஸ் ஹெல்ப்னா நீங்க வீட்டுல இருக்கும்போது கூடமாட ஒத்தாசைக்கு வர்றவங்க, குழந்தையத் தனியா விட்டுட்டுப் போறதுக்கு இல்ல. பாத்ல நார்லண்ட்னு 1892ல ஆரம்பிச்ச காலேஜ் இருக்கு, ப்ரவுன் யூனிஃபார்ம் போட்ட நேனிங்களப் படம் புடிச்சு பேப்பர்ல போடுவாங்களே, அவங்க அங்க படிச்சவங்க, பெரிய பெரிய வீட்டுக்குப் போறவங்க, நம்ம பட்ஜெட்டுக்கு அவங்கள விட்டுடலாம்.

ஓ பேர்னு பழைய ஆளுங்க யாராவது சொல்வாங்க, வெளிநாட்டுப் பொண்ணுங்க வீட்டுல தங்கி கொஞ்ச நேரம் குழந்தையப் பாத்துக்குவாங்கன்னு. அதுக்குன்னு தனி விசா இப்ப இல்ல, ப்ரெக்ஸிட்டுக்கு அப்புறம் ஐரோப்பால இருந்து சும்மா வந்து எறங்கவும் முடியாது, அதனால அத நம்பி ப்ளான் போடாதீங்க.

அடுத்தது எல்லாரும் கேக்குறது, ஊர்ல இருந்து நம்ம ஆயாம்மாவயே கூட்டிட்டு வந்துடலாமான்னு. முடியாதுங்க. வீட்டு வேலைக்காரங்களுக்கான டொமஸ்டிக் வொர்க்கர் விசா 6 மாசத்துக்கு மட்டும், அதுவும் முதலாளியே விசிட்டுக்கு வர்றப்பதான், ஸ்கில்டு வொர்க்கர் விசால இங்க வேலைக்குக் குடி வந்தவங்களுக்கு அது பொருந்தாது. காசு வாங்கிட்டு எப்படியாவது கூட்டிட்டு வந்து தர்றேன்னு எவனாவது சொன்னா அந்தப் பக்கமே போகாதீங்க, அந்தம்மா வாழ்க்கையும் சேந்து கெடும்.

சரி அம்மா அப்பாவ விசிட்டர் விசால கூப்பிடலாம்ல. தாராளமா கூப்பிடலாம், 6 மாசம் வரைக்கும் இருக்கலாம், பேரன் பேத்தியோட இருக்கும்போது பாத்துக்குறது தப்பே இல்ல. ஆனா அது சொந்தக்காரங்களப் பாக்க வர்ற விசிட்டா இருக்கணும், வேலைக்கு வர்ற மாதிரி இருக்கக் கூடாது, சம்பளம் குடுக்கக் கூடாது, திரும்பத் திரும்ப வந்து இங்கயே குடியிருக்க மாதிரியும் தெரியக் கூடாது. அதோட அவங்களுக்கு ட்ராவல் இன்சூரன்ஸ் எடுக்காம கூப்பிடாதீங்க, விசிட்டருக்கு ஆஸ்பத்திரில அட்மிட் ஆனா பில் வரும்.

நேனிக்கு ரைட் டு வொர்க் இருக்கான்னு பாக்குறது உங்க பொறுப்புதான். விசால இருக்கவங்கன்னா ஷேர் கோட் (அவங்க விசா நெலமைய ஆன்லைன்ல காட்டுற நம்பர்) வாங்கி கவர்மெண்ட் சைட்ல செக் பண்ணி அந்தப் பக்கத்த சேவ் பண்ணி வச்சுக்கங்க. யுனிவர்சிட்டில டிக்ரி படிக்கிற ஸ்டூடண்ட் விசா பிள்ளைங்க டர்ம் நேரத்துல வாரம் 20 மணி நேரம்தான் வேலை பாக்கலாம். வேலை செய்ய உரிமை இல்லாதவங்கள வச்சு மாட்டுனா 2024 பிப்ரவரில இருந்து அபராதம் முதல் தடவையே 45,000 பவுண்ட் வரைக்கும், வீட்டுக்கு ஆள் வைக்கிறவங்களுக்கும் அதேதான். கையில கேஷ் குடுத்து முடிச்சிடலாம்னு சொல்ற ஆளுங்க எல்லா ஏரியாலயும் இருப்பாங்க, நீங்களே விசால இருக்கீங்க, அந்த ரிஸ்க் வேணவே வேணாம்.

இப்ப சைல்ட்மைண்டருக்கு வருவோம், புதுசா வந்தவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு நான் முதல்ல சொல்றது இதுதான். இவங்க தன் வீட்டுலயே குழந்தைங்களப் பாத்துக்குவாங்க, உண்மையிலயே செல்ஃப் எம்ப்ளாய்டு, பேரோல் தலைவலி உங்களுக்கு இல்ல. பொதுவா 8 வயசுக்குக் கீழ 6 பேருக்கு மேல வச்சுக்க முடியாது, அதுல 5 வயசுக்குக் கீழ உள்ள சின்னப் பிள்ளைங்க மூணு பேருதான், ஒரு வயசுக்குக் கீழ ஒருத்தர்தான். ஆஃப்ஸ்டெட் வந்து இன்ஸ்பெக்ட் பண்ணி ரிப்போர்ட் போடும், ஆன்லைன்ல யாரு வேணா படிக்கலாம். தமிழ் பேசுற சைல்ட்மைண்டருங்களும் நம்ம ஏரியாக்கள்ல இருக்காங்க, குழந்தை மதியம் பருப்பு சாதம் சாப்பிட்டு தமிழ்லயே பேசிட்டு இருக்கும்.

ஆனா தமிழ் ஆன்ட்டின்னு தெரிஞ்ச உடனே கண்ண மூடிட்டு விட்டுடாதீங்க. சொந்தக்காரங்க இல்லாதவங்க, தன் வீட்டுல, காசு வாங்கிட்டு, 8 வயசுக்குக் கீழ உள்ள குழந்தைய ஒரு நாளைக்கு 2 மணி நேரத்துக்கு மேல வழக்கமா பாத்துக்கிட்டா பதிவு பண்ணியே ஆகணும். பதியாம வச்சிருக்கவங்க எவ்வளவு பாசமா இருந்தாலும் இன்சூரன்ஸ் இருக்காது, ஃபர்ஸ்ட் எய்ட் இருக்கான்னு தெரியாது, எத்தனை குழந்தைங்க அந்த ரூம்ல இருக்குன்னு கேக்க ஆள் இல்ல. ரிஜிஸ்ட்ரேஷன் நம்பரக் கேளுங்க, கேக்குறதுல கூச்சப்படாதீங்க.

நேனிங்கள்ல சில பேரு தானா விரும்பி ஆஃப்ஸ்டெட்ல பதிஞ்சிருப்பாங்க. அதுக்கு டிபிஎஸ் செக் (குற்றப் பின்னணி இருக்கான்னு பாக்குறது), ஃபர்ஸ்ட் எய்ட், இன்சூரன்ஸ் எல்லாம் வேணும், அப்படி பதிஞ்சவங்கன்னாதான் டாக்ஸ் ஃப்ரீ சைல்ட்கேர் கணக்குல இருந்து சம்பளம் குடுக்க முடியும். நீங்க 8 பவுண்ட் போட்டா கவர்மெண்ட் 2 பவுண்ட் போடும், ஒரு குழந்தைக்கு வருஷம் 2,000 வரைக்கும். ஆனா விசால நோ ரிகோர்ஸ் டு பப்ளிக் ஃபண்ட்ஸ்னு, அதாவது அரசு உதவிப் பணம் வாங்கக் கூடாதுன்னு, போட்டிருந்தா இது கிடையாது, ஒன்பது மாசத்துல இருந்து தர்ற வாரம் 30 மணி நேர இலவச சைல்ட்கேரும் கிடையாது. பார்ட்னர்ல ஒருத்தருக்கு செட்டில்டு ஸ்டேட்டஸ் (நிரந்தரமா இங்க தங்குற உரிமை), இல்ல பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தா மறுபடி செக் பண்ணிப் பாருங்க. எல்லாருக்கும் கிடைக்கிறது ஒண்ணு இருக்கு, மூணு வயசு முடிஞ்ச அடுத்த டர்ம்ல இருந்து வாரம் 15 மணி நேரம், வருஷத்துக்கு 38 வாரம், எந்த விசாவா இருந்தாலும். அத நேனிகிட்ட யூஸ் பண்ண முடியாது, நர்சரி, இல்ல அந்த ஸ்கீம்ல இருக்க சைல்ட்மைண்டர்கிட்டதான்.

நேனிய இன்டர்வியூ பண்ணும்போது சும்மா "குழந்தைங்கன்னா பிடிக்குமா"ன்னு கேக்காதீங்க, யாரு இல்லன்னு சொல்லப் போறா. "எட்டு மாசக் குழந்தை, தொண்டைல அடைச்சிருச்சு, சத்தமே வரல, இப்ப என்ன பண்ணுவீங்க"ன்னு கேளுங்க. தெரிஞ்சவங்க உடனே கையில குழந்தையக் குப்புற வச்ச மாதிரி காட்டி, முதுகுல அஞ்சு தட்டு, சரியாகலன்னா திருப்பிப் போட்டு நெஞ்சுல அஞ்சு அமுக்கு, அப்பயும் வரலன்னா 999க்கு (ஆம்புலன்ஸ் எமர்ஜென்சி நம்பர்) ஃபோன்னு சொல்வாங்க, யோசிச்சுட்டு நின்னாங்கன்னா உங்களுக்கே புரிஞ்சிடும். பீடியாட்ரிக் ஃபர்ஸ்ட் எய்ட் சர்டிபிகேட் 3 வருஷத்துக்குத்தான் செல்லும், தேதியப் பாருங்க. ரெஃபரன்ஸ் லெட்டர மட்டும் நம்பாம பழைய வீட்டுக்காரங்களுக்கு ஃபோன் போட்டுப் பேசுங்க. ட்ரையல் டே வச்சா அதுக்கும் காசு குடுக்கணும்.

வேலைக்கு வந்த முதல் நாள்லயே எழுத்துல ஒரு கான்ட்ராக்ட் குடுக்கணும். சம்பளத்த எப்பவும் க்ராஸ்லயே, அதாவது டாக்ஸ் புடிக்கிறதுக்கு முந்தின தொகைலயே, பேசுங்க, இங்க நேனிங்க கைக்கு இவ்வளவு வரணும்னு நெட்ல கேக்குற பழக்கம் இருக்கு, அதுக்கு ஒத்துக்கிட்டா அவங்க டாக்ஸ் கோட் மாறுனா அந்த வித்தியாசம் உங்க தலையில விழும். வருஷத்துக்கு 5.6 வாரம் சம்பளத்தோட லீவு, நோய்வாய்ப்பட்டா சிக் பே, ரெண்டுமே சட்டம். அவங்க கர்ப்பமானா அதுக்காக வேலைய விட்டுத் தூக்க முடியாது, மெட்டர்னிட்டி பே உங்கள மாதிரி சின்ன எம்ப்ளாயருக்கு கவர்மெண்ட்கிட்ட இருந்தே திரும்ப வந்துடும், பயப்படாதீங்க.

நம்ம ஆளுங்ககிட்ட நான் கெஞ்சிக் கேக்குறது ஒண்ணு. நேனியோட வேலை குழந்தையோட சாப்பாடு, துணி, விளையாட்டு, தூக்கம், அந்த ரூம ஒழுங்கு பண்றது. உங்க ராத்திரிச் சமையல் பாத்திரத்தக் கழுவுறது, வீடு பூரா மாப் போடுறது, மாமியாருக்கு டீ போடுறது அவங்க வேலை இல்ல. "சும்மாதானே உக்காந்திருக்காங்க குழந்தை தூங்கும்போது"ன்னு மெதுவா ஒவ்வொண்ணா ஏத்துவோம், நல்ல நேனி வேற வீடு பாத்துட்டுப் போயிடுவாங்க, போக முடியாத நெலமைல இருக்கவங்க மனசுல வச்சுட்டு இருப்பாங்க, அந்த மனசோடதான் நாள் பூரா உங்க பிள்ளைகூட இருப்பாங்க. க்ளீனிங் வேணும்னா வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் தனியா க்ளீனர் வச்சுக்கங்க. அவங்க பேரச் சரியா சொல்லிக் கூப்பிடுங்க, வேலை முடியிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்துடுங்க, லேட்டானா ஓவர்டைம் குடுங்க.

அதே மாதிரி அவங்க இங்கத்த முறைல ட்ரெய்னிங் எடுத்தவங்க. தூளில போட மாட்டேன், மல்லாக்கத்தான் படுக்க வைப்பேன், தலையணை வேணாம்னு சொன்னா கோச்சுக்காதீங்க, என்எச்எஸ் சொல்றதும் அதான். ஒரு வயசுக்குள்ள தேன் தொட்டு வைக்கக் கூடாது, திராட்சைய முழுசா குடுக்காம நீளவாக்குல நாலா வெட்டணும், முழு வேர்க்கடலை, முந்திரி 5 வயசு வரைக்கும் வேணாம், இதெல்லாம் அவங்க சொல்லுவாங்க, கேட்டுக்கங்க. நம்ம சாப்பாடும் நம்ம பாஷையும் வேணும்னா அத நீங்க சொல்லித் தரணும். இட்லிய எப்படிச் சுட வைக்கணும், ரசஞ்சாதத்த எவ்வளவு கொழையப் பிசையணும்னு ஒரு நாள் கூட உக்காந்து காட்டுங்க. தண்ணி, பால், பசிக்குது, தூக்கம் வருது, வலிக்குது, குழந்தை தமிழ்ல என்ன சொன்னா என்ன அர்த்தம்னு ஒரு பேப்பர்ல இங்கிலீஷ் எழுத்துல எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வைங்க. பக்கத்துலயே உங்க ரெண்டு பேரு நம்பர், ஜிபி (உங்க ஏரியா டாக்டர்) நம்பர், வீட்டு அட்ரஸ் போஸ்ட்கோடோட, அலர்ஜி என்னென்ன, எல்லாம் இருக்கட்டும்.

எங்க தேடுறதுன்னா, சைல்ட்மைண்டர், நர்சரி லிஸ்ட் உங்க கவுன்சிலோட ஃபேமிலி இன்ஃபர்மேஷன் சர்வீஸ்ல கேட்டா ஃப்ரீயா தருவாங்க. நேனிக்கு ஏஜென்சி வழியா போனா காசு கூட, ஆனா பேப்பர் எல்லாம் பாத்துட்டு அனுப்புவாங்க, இருந்தாலும் ஒரிஜினல நீங்களும் பாருங்க. வேலைல சேர்ற தேதி தெரிஞ்ச உடனே தேட ஆரம்பிங்க, நல்ல நர்சரிங்கள்ல வெயிட்டிங் லிஸ்ட் மாசக்கணக்குல ஓடும், சைல்ட்மைண்டர்கிட்ட எடம் காலியானாலும் குழந்தை பழகுறதுக்கு முதல் ஒண்ணு ரெண்டு வாரம் கொஞ்ச கொஞ்ச நேரம்தான் விடச் சொல்லுவாங்க, அந்த நாளுக்கு யாராவது ஒருத்தர் லீவு எடுக்குற மாதிரி ஜாய்னிங் டேட்டப் பேசி வச்சுக்கங்க.